நீங்கதானா என் இங்கிலீசு

பதினோரு வருஷம் அவராக இருந்திருக்கிறேன்,
அவர் பேசும் நேரம் மட்டும்.
கண்ணாடிக்குப் பின்னால், காதில் கருவியோடு.
அரியநாச்சி ‘நான்’ என்றால்
நானும் நான் என்பேன், அரை நொடி தள்ளி.

தமிழில் பேசப்போகிறவர் அரைமணி முன்னால்
சீட்டு எழுதித் தரவேண்டும்.
அவர் சீட்டில் எழுத்து உப்பள வாய்க்கால் மாதிரி
கோணிக்கொண்டு விளிம்புவரை போகும்.
ஒன்பதாவதோடு நின்ற படிப்பு.
சங்கக் கொடியிலிருந்து கட்சிக் கொடி,
ஒன்றியம், மாவட்டம், பிறகு டெல்லி.
வந்த முதல் டிசம்பரில் மூடுபனியைப் பார்த்து
‘பாத்தி காய இந்த ஊர்ல வெயிலே கிடையாதா’ என்று
சௌத் அவென்யூ காவல்காரரிடம் கேட்டாராம்,
தமிழிலேயே.

பச்சை என்றால் பச்சை. சிவப்பு என்றால் சிவப்பு.
கொறடா தலையாட்டி முடிப்பதற்குள் பொத்தானை அழுத்தியிருப்பார்.
எந்தப் பேச்சும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழையும்:
‘எங்கள் தலைவரின் வழிகாட்டுதலில்.’
அதற்கென்றே என் குறிப்பேட்டில் ஒரு சுழி இருந்தது.
சுழி போட்டதும் வாய் தானாக ஓடும்.
மனசு கறிகாய் வாங்க முனிர்காவுக்குப் போய்விடும்.

கடலோர நில மசோதா வந்த அன்று
சீட்டில், பொருள் என்ற இடத்தில்,
‘உப்பு’ என்று மட்டும் இருந்தது.

எழுந்தார். சுழி வரவில்லை.
‘ஒரு ஏக்கர் பாத்தியில ஒரு நாளைக்கு
எத்தனை தடவை குனியணும்னு
இதை எழுதினவங்களுக்குத் தெரியுமா?’

முதலில் கத்தியது சொந்த வரிசைதான்.
‘உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்!
உங்களை இங்க உட்காரவெச்சது யாரு?’
அரசு வரிசையில் யாரோ சிரித்துக்கொண்டே: ‘நமக்ஹராம்!’
(அது பக்கத்து அறைக்காரர் பாடு.)
இரண்டு மொழியிலும் ஒரே உப்பு.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.
‘உப்பிட்டவரைத்தான் நினைக்கேன்.
உங்க இலையில உப்பு போட்டது யாரு?
எங்க அம்மா போட்டா. கால்வெடிப்போட நின்னு போட்டா.
சிதையில உடம்பு வெந்துச்சு.
பாதம் வேகலை.’

அரை நொடி.
ஒரு நொடி.
என் இங்கிலீசில் அந்தப் பாதம் ஊன்ற இடமில்லை.
பிறகு சொன்னேன்: என் தாயின் பாதங்கள் எரியவில்லை.
என் தாய் அப்போது மயிலாப்பூரில்
சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு
டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள்.
பலகையில், அந்தக் கட்சியின் பச்சைக்கு நடுவே
ஒரு சிவப்புப் பொட்டு.
யாரோ தவறுதலாக அழுத்திவிட்டார்கள் என்றுதான்
என் பக்கத்தில் இருந்தவர் நினைத்தார்.

இரவே நீக்கினார்கள்.
இருக்கை தூணுக்குப் பின்னால் போயிற்று.
சீட்டுகள் வந்தன, நேரம் வரவில்லை.
மூன்று கோடு போட்ட உத்தரவை மீறினார் என்று
மனு நடந்தது ஏழு மாதம்.
பதவி போயிற்று. மசோதா அதற்கு முன்பே சட்டமாகியிருந்தது.

வீட்டைக் காலிசெய்த வாரம்
தாழ்வாரத்தில் யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள்.
‘நீங்கதானா என் இங்கிலீசு?
வயசு கூட இருக்கும்னு நினைச்சேன்.’
நான் என்ன சொல்வது என்று நிற்கையில் அவரே சொன்னார்:
‘நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒடிசாக்காரர்
காதுல மாட்டியிருந்தாரு.
நான் சொல்லி முடிச்சு ரெண்டு எண்ணினேன்,
அப்புறம்தான் அவரு முகம் மாறிச்சு.
சரி, போய்ச் சேந்துட்டுதுன்னு உட்கார்ந்துட்டேன்.’
கையில் ஒரு பிளாஸ்க், மூடி இல்லாமல்.
வெளியே ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார்.

இடைத்தேர்தலில் வந்தவருக்கு நல்ல குரல்.
தட்டச்சு செய்த சீட்டு,
‘எங்கள் தலைவரின் வழிகாட்டுதலில்.’
சுழி போட்டேன். வாய் ஓடியது.
மனசு கிளம்பவில்லை.