கி

ஓர் எழுத்துக்காகப்
பதினொரு தரம் பஸ் ஏறியிருக்கிறேன்.

சௌந்தரநாயகி என்றுதான் அப்பா சொன்னாராம்,
தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தோட்டக் கந்தோர் ஜன்னலுக்கு வெளியே நின்று.
எழுதியவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ
'கி' விழுந்துவிட்டது.
யகரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்து
காரியத்தை முடித்துவிட்டார்.

மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.
நீங்கள் தமிழ் வாசிக்கிறவர்கள்.

இடாப்பு கூப்பிடும்போது
என் பெயர் வந்தால் டீச்சர் இருமுவார்.
பின்வாங்கில் ஒருவன் குரைப்பான்.
இப்போது அவனுக்கு பஸாரில் கோழிக்கடை.
"வாங்க அக்கா" என்கிறான்.
எலும்பு வேணுமா என்று கேட்டதில்லை, நல்ல மனுஷன்.

சத்தியக்கடதாசி, சமாதான நீதவானின் முத்திரை,
திருத்திய பிறப்புச் சான்றிதழ், புது அடையாள அட்டை
எல்லாம் பொலித்தீன் பைக்குள், மழைக்குப் பயந்து.
கடைசியாக இந்த
உடப்புசல்லாவைத் தபாற்கந்தோர்.

போன மாதம் ஒரு பதிவுத்தபால்
என் கண்ணெதிரே திரும்பிப் போனது.
சேமலாப நிதிக் காசு.
அட்டையில் நாயகி,
உறையில் மற்றது.
பிழையாக இருந்தவரைக்கும்
எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

தபாலதிபர் பௌசியா ஒரு படிவம் தள்ளினார்.
சிங்களப் பக்கத்தைத் திருப்பினால் தமிழ்:
'பெயர் மாறம்.'
இங்கேயும் ஒரு எழுத்து விழுந்திருந்தது.
சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

விலாசம்:
ஆர்டன்வெல் தோட்டம், மேற்பிரிவு,
ஏழாம் லயம், நாலாம் காம்ப...
கோடு முடிந்துவிட்டது.
நாங்கள் நரிக்கல் என்றுதான் சொல்வோம்.
ஆர்டன்வெல் யாரென்று எவருக்கும் தெரியாது.
அதைத் திருத்த எங்கே விண்ணப்பிப்பது என்று
கேட்க நினைத்தேன்.
மணி மூன்றே முக்கால்.

கடைசிக் கேள்வி:
பழைய பெயருக்கு இனி வரும் தபால்களை
ஒப்படைக்கவும் / அனுப்பியவருக்குத் திருப்பவும்.
பொருந்தாததை வெட்டிவிடவும்.

பேனை தானாகவே
'ஒப்படைக்கவும்' மேல் போய் நின்றது.
முப்பத்தாறு வருஷக் கோபம் அதற்கு.

நின்றது,
நில்மினியால்.

கட்டுநாயக்கவில் எனக்கு அடுத்த மிசின்.
கொலர் அவள், கை நான்.
என் அட்டையில் இங்கிலீசில் இருந்த பெயரின்
வாலை மட்டும் பிடித்துக்கொண்டு
'நயி' என்று கூப்பிடுவாள்.
அவள் பாஷையில் அது நாகங்கள்.
சாப்பாட்டு வரிசையில் கையை விரித்து
"தள்ளுங்க, நயி வருது!" என்று
எனக்கு வழி எடுத்துத் தருவாள்.
நாலு வருஷம் அந்தப் பெயரோடு
நான் படமெடுத்து நடந்தேன்.

என் பாஷையில் அது என்னவென்று
கடைசி வரைக்கும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஜோர்தானுக்குப் போகும்போது
அட்டையைப் பார்த்து எழுத்தெழுத்தாய்ப்
பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டாள்.
அவள் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.
ஆறு வருஷம். ஒரு கார்ட் இல்லை.
வராது, தெரியும்.
வந்தால்?

'திருப்பவும்' என்பதை வெட்டினேன்,
இரண்டு கோடு போட்டு.

பௌசியா படிவத்தை வாசித்தார்.
பழைய பெயரில் அவர் உதடு ஒருதரம் அசைந்து நின்றது.
இருமவில்லை.
"இந்தப் பேருக்கு இனி யார் எழுதப் போறா?"
"ஒரு ஆள்" என்றேன்.

கையெழுத்து வைக்கும்போது
கி-யின் வளைவைக் கொஞ்சம் நீட்டி இழுத்தேன்.
பெட்டிக்கு வெளியே போய்விட்டது.

டப்பென்று முத்திரை குத்தினார்.
நேற்றைய திகதி.
பார்த்தேன்,
பேசாமல் வந்துவிட்டேன்.