கெட்டுப்போகிற வரிசை

குப்புராம் பட்டியல் போட்டதே அப்படித்தான்:
எது முதலில் கெடுமோ அது முதலில்.
எத்தனை பேர், எத்தனை வேளை எல்லாம் பிறகு.

மாட்டுத்தாவணியில் செங்காயாகத் தக்காளி பொறுக்கினான்.
கடைக்காரர் முறைத்தார்.
கீழமாசி வீதியில் புளி, நல்லெண்ணெய், கல்லுப்பு.
முட்டைகளை அரிசிப் பைக்குள் புதைத்தான்.
உடைந்தால் அரிசியும் போச்சே என்றேன்.
"அதனால்தான் பார்த்துத் தூக்குவாய்."

குழைந்த சோற்றில் பால், ஒரு சொட்டு உறைமோர்.
உசிலம்பட்டி தாண்டும்வரை பால்,
வாசிமலை அடிவாரத்தில் தயிர்.
கொஞ்சம் கூடுதல் புளிப்பு
பஸ்ஸின் குலுக்கலில் வந்தது.

எண்ண வந்தது வண்ணத்துப்பூச்சிகளை.
எண்ணிக்கொண்டிருந்ததோ வெங்காயத்தை.

தூக்குச்சட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினோம்.
எறும்புகள் கரையோரம் வரிசையாய் நின்று
வைகையில் தண்ணீர் வந்துவிட்டதுபோல்
வேடிக்கை பார்த்தன.

கிளையில் கட்டிய உப்புக்கண்டம்
இரண்டாம் இரவு இல்லை.
கயிறு இருந்தது, முடிச்சு அவிழாமல்.
"கடைசி நாளுக்கு எழுதியிருந்தேனே"
என்று டார்ச் அடித்தபடியே நின்றான் குப்புராம்.

நான்காம் நாள், தெப்பக்குளம், என் வீடு.
மெயின் ஸ்விட்ச் எப்போது விழுந்ததோ.
ஃபிரிட்ஜுக்குள் சாம்பார், பாதி தோசைமாவு,
யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கிய கேக்.
திறந்த வேகத்தில் சாத்தினேன்.

தோள்பையின் அடியில் சம்படம்,
எண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல்.
முகர்ந்தேன்.
நம்பாமல் மறுபடி முகர்ந்தேன்.
கடலைப்பருப்பு மட்டும் கொஞ்சம் நமுத்திருந்தது.

உலை வைக்க
அரிசிப் பைக்குள் கை விட்டேன்.
விரலில் தட்டியது
அவன் கணக்கில் விட்டுப்போன
ஒரு முட்டை.