பிரிக்காத மணல்

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில்
இரவு ஷிப்ட் எனக்கும் பீர்கண்ணுக்கும்.
பிரிப்பதுதான் வேலை.
காந்த உருளையைத் தாண்டும்போது
கறுப்பு இந்தப் பக்கம் விழும்
சிவப்பு கொஞ்சம் தள்ளி விழும்
எதிலும் ஒட்டாத வெள்ளை
நேரே போய்க்கொண்டிருக்கும்.

பதினோரு வருஷம் பார்த்தவன்
ஒரு ராத்திரி
கட்டன்சாயா கையிலேயே ஆறிக்கிடக்கக் கேட்டான்:
"வே, கடல் இதையெல்லாம்
ஒண்ணாத்தானே கொண்டு போட்டுது?"
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆள் கைக்குள் நிற்கவில்லை.
வியாழன் இரவுகளில் தக்கலை தர்காவில்
தூணோடு தூணாகக் கிடந்தான்.
ஒரு ஞாயிறு சாமிதோப்புக்குப் போய்
சட்டையைக் கழற்றித் தலையில் துண்டு கட்டி
கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வந்தான்.
என்னவே கண்டீரு என்றேன்.
"அங்கயும் நான்தான்
வழிய மறிச்சிக்கிட்டு நிக்கேன்."

ஜெய்னம்பு என்னிடம் முறையிட்டாள்:
துவைக்கப் போட்ட பேன்ட்டில் எல்லாம் மணல்,
உதறி உதறி
ஒரு ஹார்லிக்ஸ் குப்பி நிறைந்துவிட்டதாம்.
"சம்பளத்தக் கொண்டு வாரும்னா
கடலக் கொண்டு வாராரு அண்ணே."

ஆனி மாசம் கேட்டில் பிடித்தார்கள்.
பையில் ஒரு கைப்பிடி.
எந்த மணலைத் திருடினாய் என்று
அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
கறுப்பும் சிவப்பும் வெள்ளையும்
பேர் தெரியாத பழுப்பும்
கரையில் கிடந்தபடியே கிடந்தன.
பிரிக்காதது, விலை இல்லை
என்று பேப்பரில் எழுதினார்.
பீர்கண்ணு அந்த வரியை
இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான்.
கண் நிறைந்திருந்தது.
மூன்று நாள் சஸ்பென்ஷன்.

மூன்று நாளும் கடியபட்டணம் கரையில் இருந்தான்.
கடைசி நாள் சாயங்காலம் தேடிப் போனேன்.
கடல் கறுத்து, பாறையில் ஏறி
விழுந்துகொண்டிருந்தது.
கரண்டைக்கால் வரை புதைந்து நின்றவனிடம்
கிடைச்சுதாவே என்று கேட்டேன்.
பதில் இல்லை.
அலை திரும்பும்போது
என் கால் அடியிலிருந்தும்
கொஞ்சம் உருவிக்கொண்டு போனது.
சட்டென்று அவன் தோளைப் பிடித்தேன்.
யார் யாரைப் பிடித்தது என்று
இப்போதும் நிச்சயமில்லை.

நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டான்.
உருளை சுற்றுகிறது, கறுப்பு விழுகிறது.
தொண்ணூற்றாறு சதம் சுத்தம் வந்தால் போதும்,
லோடு ஏற்றலாம்.
மிச்சம் நாலு என்னவே
என்று வாயைக் கொடுத்தேன்.
சாயாவை ஊதிக்கொண்டே சொன்னான்:
"அதுலதான் வேய்
நாம இருக்கோம்."