வண்டி எண்

பதினாலாவது கோப்பு.
மெமரி கார்டில் யாரோ ஏற்றிக் கொடுத்தது.
ராகத்தின் பெயர் இல்லை,
யார் வீட்டுக் கல்யாணம் என்றும் இல்லை.
ஏழாவது நிமிடம்
கிளாரினெட் கீழே இறங்கும் இடத்தில்
ஒருவர் இருமுவார், இரண்டு தரம்.
புதுவயல் எடைமேடையில்
இரவு லாரிகளுக்கு ரசீது கிழித்துக்கொண்டு
பதினோரு வருஷமாக நான் கேட்டது
மாசிலாமணியையும்
அந்த இருமலையும்.

நேற்றுப் பள்ளத்தூரில் அவரையே பார்த்தேன்.
"ஸ்டாக் எடுக்கிறாங்க, விடிஞ்சிரும்" என்று
வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.
ஊருணிக் கரையில் மேடை.
வைகாசித் தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது.
அதில் சீரியல் செட் அம்மன் தலைகீழாகப்
பச்சைக்கும் சிவப்புக்கும் மாறிக்கொண்டிருந்தாள்.
கைக்குட்டை விரித்துப் படியில் உட்கார்ந்தேன்.

ஆள் நினைத்ததைவிடக் குள்ளம்.
சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தார்.
ஊதுவதற்கு முன் ரீடை நாக்கில் வைத்துக்கொண்டு
மாத்திரை விழுங்க மறுக்கிற பிள்ளை மாதிரி
எங்களைப் பார்த்தார்.
சினிமாப் பாட்டு கேட்டு யாரோ சீட்டு அனுப்பினார்கள்.
படித்தார், மடித்தார், பையில் வைத்தார்.

பிறகு ஒன்றும் சொல்லாமல்
பதினாலு.

"செஞ்சுருட்டி" என்றார் முன்னால் ஒருவர், மனைவியிடம்.
பெயர் கேட்காமலே வருஷக்கணக்காகப் பழகியவனை
பஸ் ஸ்டாண்டில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
அப்படித்தான் திரும்பிப் பார்ப்போம்.

மூன்று நிமிடம் இருக்கும்.
"ஒரு முக்கிய அறிவிப்பு," மைக்செட் சேவுகன்.
"டிரான்ஸ்பார்மர் ஓரமா நிக்கிற வெள்ளை ஸ்கூட்டி,
அறுபத்து மூணு இசட், நாலு ஒண்ணு ஏழு ஏழு,
தீச்சட்டி வர்ற பாதை, உடனே எடுக்கவும்."

நாளுக்கு நூறு வண்டி எண் எழுதுகிறவள் நான்.
அது வேறு யாருடையதோ என்பது போல்
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தரம் சேவுகன் கத்தத் தொடங்கியதும்
தவில் நின்றது.
மாசிலாமணி நிற்கவில்லை.
அறிவிப்புக்கு அடியில் ஒரே ஒரு சுரத்தை மெலிதாகப் பிடித்துக்கொண்டு,
பின்னால் வருகிற ஆளுக்காகக்
கதவைச் சாத்தாமல் வைத்திருப்பது போல்
காத்திருந்தார்.
எழுந்தேன்.
ஊருணிக்கரை மொத்தமும் பார்த்தது.
அவரும் பார்த்தார்.
புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது.
எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளினேன்.
முன்வாசல் ஒரு தெருவிலும்
பின்வாசல் மறு தெருவிலுமாகக்
கிடக்கிற வீடுகளின் பக்கச்சுவர்,
அந்த நீளத்துக்கும் சந்து.
கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர்.
ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை வந்தது:
முதலில் கம்பத்திலிருந்து,
அப்புறம் சுவரிலிருந்து, கொஞ்சம் ஈரமாக.
கிக்கரை மிதித்தால் கெட்டுப்போகும் என்று
நடுவில் நின்றுவிட்டேன்.

சந்து முனையில் தீச்சட்டிகள் போயின,
வேப்பிலைப் புகையும் குலவையுமாக.
அதற்கு மேலே கிளாரினெட்
அந்த இடத்துக்கு வந்தது, இறங்கியது.
யாரும் இருமவில்லை.

திரும்பி வந்தபோது வேறு பாட்டு.
என் படியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
மேடைக்குக் கீழே பச்சை டீ-ஷர்ட் பையன்
போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து
ஆரம்பத்திலிருந்தே படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அது எங்கெல்லாமோ போகும்.
ராத்திரி வேலையில் இருக்கிற எவளோ ஒருத்தி
பெயர் தெரியாத அந்த ராகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பாள்.
மூன்றாவது நிமிடம் நெருங்கும்போது
பேனாவை நிறுத்திவிட்டு
நாலு ஒண்ணு ஏழு ஏழுக்காகக் காத்திருப்பாள்.

இன்று முதல் லோடு தவிடு, பன்னிரண்டு டன்.
டிரைவர் வண்டி எண் சொன்னான்.
இன்னொரு தரம் சொல்லுங்க என்றேன்.