கோடைக் கணக்கு

பெர்கனில் விடாத மழை.
கடைக்குள் ஒரே நீலத்தில் இரண்டு மின்சைக்கிள்கள்.
"இது போன வருட மாடல், பேட்டரி ஐந்நூறு.
அது புதுசு, அறுநூற்று இருபத்தைந்து.
விலை ஆறாயிரம் குரோனர் கூட" என்றான் ஐவின்ட்.

"எவ்வளவு தூரம் போகும்?"
"எண்பது கிலோமீட்டர்."
"எந்த மாசத்தில்?"
சிரித்துவிட்டான். "ஜூலையில்."
"ஜனவரியில்?"
கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

ராக்ன்ஹில்ட் பழைய பேட்டரியைக் கழற்றி
மீன் வாங்குகிறவள்போல்
கையில் ஏந்தி எடை பார்த்தாள்.
"ராத்திரி வீட்டுக்குள் வைக்கணுமா?"
"ஆமாம், குளிர் ஆகாது."
"எனக்கும்தான்."

ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவள்
மூன்று மணி நேரம் வரவில்லை.
பதினான்கு வளைவு ஏறி,
அடுப்பை அணைத்தோமா என்று பார்த்து,
இறங்கி வந்தாள், சொட்டச் சொட்ட.
திரையில் ஒரே ஒரு கோடு மிச்சம்.

"வீடுவரை போகிறது.
ஆனால் இப்போது இது
ஓட்டிய வண்டி ஆயிற்றே,
இன்னும் ஐந்நூறு குறை."