மகாராணி

காலி வீதியைப் பார்த்த கண்ணாடிக்குள்
பொம்மையின் உடம்பில் நின்றாள்.
மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை,
அறுபத்தெட்டாயிரம்.
நாங்கள் அவளை மகாராணி என்போம்.
விற்பதற்கல்ல அவள்.
அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற கண்ணுக்குப்
பன்னிரண்டாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு
சில்லறைக் காசு மாதிரித் தெரியவேண்டும்.
அதுதான் அவளுக்கு வேலை.
எனக்காவது சம்பளம் உண்டு.

வெள்ளவத்தையில் இந்தக் கடைக்கு வந்து நாலு வருஷம்.
நிறையப் படித்துவிட்டேன்.
கதிரையில் இருத்திக் குளிர்ந்த நெக்டோ கொடுத்தால்
வெறுங்கையோடு எழும்பக் கால் கூசும்.
ஆறு சேலை விரித்தால் ஒன்று போகும்,
அறுபது விரித்தால் "நாளைக்கு வாறம்."
தமிழில் "கடைசித் துண்டு அக்கா,"
சிங்களத்தில் "அந்திம எக்க,"
பின்னறையில் அதே சேலை இன்னும் ஒரு பெட்டி.
பேசும்போதே துணியைத் தோளில் போட்டுவிட வேண்டும்;
தோளின் சூடு ஏறியதைத்
திருப்பித் தர எவருக்கும் கை வராது.
மீதிப் பத்து ரூபாயை நீட்டினால்
என்னிடம் லாபம் எடுத்த முகத்தோடு வாங்குவார்கள்.
ஆளுயரக் கண்ணாடி மேலே கொஞ்சம் பின்சரிந்து நிற்கிறது.
ஆணி அடித்தவன் ஜெயரூபன்.
பொய் என்று சொல்லமுடியாது,
சரிவு ஓர் அங்குலம்தான்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மழை.
நனைந்த குடையோடு ஒருத்தி வந்தாள்.
கதிரை வேண்டாம். நெக்டோ வேண்டாம்.
கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.
"அதைக் கழற்றுங்கோ" என்றாள்.
விலை சொன்னேன். தெரியும் என்றாள்.
பழக்கதோஷத்தில் கழிவு பற்றி நானே தொடங்கினேன்.
கையால் மறித்து,
ரப்பர் பட்டி போட்ட காசுக் கட்டை மேசையில் வைத்தாள்.
படித்த பாடத்தில்
இவளுக்கு ஒரு வரியும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் முழுக்கப்
பன்னிரண்டாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு
பன்னிரண்டாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறாகவே இருந்தது.
தடவினார்கள், முகம் சுளித்தார்கள்,
வீதியைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்கள்.
பொம்மைக்கு முதலாளி
நேற்றையப் பேப்பரைச் சுற்றிவிட்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கியபின்
பின்னறையில் இருந்து ஒன்றை எடுத்துவரச் சொன்னார்:
ஒன்பது மாதமாய் ஒருவரும் சீண்டாத மாம்பழ மஞ்சள்,
பதினொன்றில் ஒன்று.
நான்தான் உடுத்தினேன். கொசுவம் பிடித்ததும் நான்.
"எழுது" என்றார். என் எழுத்து வடிவு.
எழுபத்திரண்டாயிரம் என்று எழுதினேன்.
பூச்சியம் போடும்போது
நிலூஷாவுக்கும் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்றாம் நாள்
விளக்கின் கீழ் அந்த மஞ்சளில்
முன்பு காணாத ஒரு பொன் தெரிந்தது.
ஐந்தாம் நாள்
கை துடைத்துவிட்டுத்தான் தொட்டேன்.
நேற்று, நூற்றியோராம் இலக்க பஸ்ஸில் தொங்கியபடி
ஊழியர் கழிவு, மூன்று தவணை, அம்மாவின் சீட்டுக்காசு
என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.
தெஹிவளையில் இறங்க மறந்துவிட்டேன்.

மிச்சம் பத்தும் பின்னறையில் கிடக்கின்றன,
நாலாயிரத்து எண்ணூறுக்கு.
இன்று காலை
யாரும் வருவதற்கு முன் போய்
ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்.

இல்லை,
அது வேறு மஞ்சள்.