சராயில் மூன்று பெயர்கள்

அச்சு இரண்டு.
கீழது கட்டைக்குள் இறங்கி நிற்கும்: கலிமா.
அதற்கு அவசரமில்லை.
மேலது என் இடக்கையில்: கானின் பெயர்.
அடியெல்லாம் அதன் தலையில்தான்.

எனக்கு எழுத்து தெரியாது.
சம்மட்டி தெரியும். வெள்ளியின் குரல் தெரியும்,
ஈயம் கலந்தால் அது இருமும்.

இத்தில் ஆறு உறைந்த வாரம் ஒரு பெயர் அடித்தோம்.
மீன்காரர்கள் பனியில் துளை போட்டு முடிப்பதற்குள்
குதிரைக்காரன் வந்து, நிறுத்து என்றான்.
பழைய அச்சை நானே உடைத்தேன், அதற்குக் கூலி தனி.
தாஷ்தெமிர் புது இரும்பைக் கவ்வியில் வைத்தான்.
"பெயர் மட்டும்தான் மாறும்.
'நீதியுள்ள சுல்தான்', 'இவர் ஆட்சி நிலைப்பதாக',
இதையெல்லாம் கை தானாக வெட்டிவிடும்."

நாற்பது நாள் நிலைத்தது.

மூன்றாவது பெயரை இரவில் வெட்டினான்.
ஆட்டுக்கொழுப்பு விளக்கு. பல்வலி வேறு,
கன்னத்தில் சுட்ட உப்பு மூட்டை.
விடியலில் அச்சு வந்தது. அடித்தேன்.
நானூறு காசு, மீன்செதில் போலத் துணியில் விழுந்தன.

அக்கசாலை அமீன் ஸாஹிதுத்தீன் ஒன்றை எடுத்தார்,
சாளரத்துக்குக் கொண்டுபோனார்.
பெயர் கண்ணாடிக்குள் போய்விட்டதுபோல்
திரும்பிக் கிடந்ததாம்.
தாஷ்தெமிர் கன்னத்தைப் பிடித்தபடி நின்றான்.
வாசலில் முப்பது வில்லாளிகள், சம்பளத்துக்கு.

அமீன் காசைத் தராசில் இட்டார்.
எடை சரி.
பையைக் கட்டினார்.

வில்லாளிகள் கடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.
பனி உடைந்தபோது அந்தக் கானும் சென்றார்.
காசு சென்றது, உர்கெஞ்ச் வரை, கஃபா வரை.
ஒன்று என் கூலியிலேயே திரும்பி வந்தது,
அதற்கு ஒரு பெரிய மீனின் வால்பக்கம் வாங்கினேன்.
"யார் பெயர் இது?" என்றாள் மீன்காரி, செதிலைச் சுரண்டிக்கொண்டே.
தெரியாது என்றேன்.
உண்மைதான்.

குமிஸ் குடித்திருந்த ஒரு மாலை தாஷ்தெமிர் சொன்னான்:
"இருபத்தாறு வருஷமாய் இரும்பில் திருப்பித் திருப்பி எழுதுகிறேன்.
நேராக வருவதையெல்லாம்
பையில் கட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள்.
அன்று ஒரு பகல்
என் இரும்பை நானே படித்தேன்."

அந்த அச்சையும் நான்தான் உடைத்தேன்.
இரண்டு அடி போதும்.
மூன்றாவது ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை.